எங்கட வலை, உங்க படகு: பாக் நீரிணையின் இரு கரையும் கூடியிருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவன். வேலை சென்னையில், கணினி முன்னால். உறவில் விசைப்படகு வைத்திருப்பவர்கள் உண்டு, நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர்களும் உண்டு. சில வருஷங்களாக ஒரு வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். அதில் பாதிப் பேர் இந்தப் பக்கம்: ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், ஜெகதாப்பட்டினம். மீதிப் பேர் அந்தப் பக்கம்: மன்னார், பேசாலை, யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, அப்புறம் அங்கிருந்து கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனவர்கள்.

குழு தொடங்கியது பழைய கதைகளுக்காக. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் போன கப்பல், 1964 டிசம்பர் புயல், இரு கரைக்கும் இடையே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள், கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவில் சோப்பும் தேங்காய் எண்ணெயும் கைமாறிய காலம். இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். யாராவது ஒருவர் ‘எல்லை தாண்டியதாக மீனவர்கள் கைது’ என்று ஒரு செய்தியைப் போடுவார். அத்தோடு கதை முடிந்தது. பத்து நிமிஷத்துக்குள் ஒரு பக்கம் ‘கொள்ளைக்காரர்’ என்று வரும், மறுபக்கம் ‘சிங்களவன் கிட்ட காசு வாங்கிட்டுப் பேசுறான்’ என்று வரும்.

எதிரே பேசுகிறவர் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார் என்று முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். இதைக் கேட்டால் எனக்கே கொஞ்சம் எரிச்சல் வரும், ஏதோ பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்தது மாதிரி இருக்கிறது என்று. ஆனால் இந்தக் குழுவில் நான் கண்ட காரணம் வேறு. இந்தத் தகராறில் கோபமாகப் பேசுகிறவரிடம் பெரும்பாலும் எனக்குத் தெரியாத ஒரு தகவல் இருக்கிறது. அவரை மோசமான ஆள் என்று முத்திரை குத்திவிட்டால் அந்தத் தகவல் வெளியே வராது. மரியாதைக்காக நம்புவது ஒரு பக்கம் இருக்கட்டும், விஷயம் தெரிய வேண்டுமானால் நம்பித்தான் ஆக வேண்டும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது ஒரு சண்டை கிடையாது. மூன்று சண்டைகள் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. ஒன்று கச்சத்தீவு. 285 ஏக்கர், குடிதண்ணீர் இல்லாத, ஆள் வசிக்காத தீவு. ராமநாதபுரம் சேதுபதி ஜமீனுக்குச் சொந்தமானது என்பது நம் வாதம். 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த ஒப்பந்தத்தில் கடல் எல்லைக் கோடு தீவுக்கு மேற்கே போனது, தீவு இலங்கைப் பக்கம் ஆனது. இரண்டாவது, இலங்கைக் கடற்படை. துப்பாக்கிச் சூடு, அடி, கைது, படகைப் பிடித்து அரசுடைமை ஆக்குவது. மூன்றாவது, இழுவை மடி. நம் விசைப்படகுகள் இழுக்கும் மடி கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு போகிறது, போகிற வழியில் இலங்கையின் வடக்கு மீனவர் விரித்த வலையையும் அறுத்துக்கொண்டு போகிறது.

ராமேஸ்வரத்துக்காரர் இரண்டாவதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். மன்னார்க்காரர் மூன்றாவதைக் கொண்டு பதில் சொல்வார். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் முதலாவதோடு வந்து சேருவார். மூன்று பேர் சொல்வதும் உண்மை. ஆனால் ஒவ்வொருவருக்கும் மற்ற இருவரும் பேச்சை மாற்றுகிற ஏமாற்றுக்காரர்களாகத் தெரிவார்கள். ‘சுட்டுக் கொன்னதைப் பத்திக் கேட்டா வலையைப் பத்திப் பேசுறான் பாரு’ என்பார் இவர். ‘வலையைப் பற்றிக் கேட்டால் தீவைப் பற்றிக் கதைக்கினம்’ என்பார் அவர். எங்கள் குழுவில் நடந்த பாதிச் சண்டைக்கு இதுதான் மூலம்.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒருவர் எந்தச் சண்டையைத் திறக்கிறாரோ அதற்குள்ளேயே நின்று பதில் சொல்வது. கடற்படை அடித்ததைப் பற்றி ஒருவர் எழுதினால், இழுவை மடியைப் பற்றி எனக்கு எவ்வளவு வலுவான கருத்து இருந்தாலும் அன்றைக்கு அதை எடுப்பதில்லை. இரண்டு நாள் கழித்துத் தனியாக எடுக்கலாம். குழுவில் வேறு யாராவது எடுத்தால், ‘அண்ணே, அது தனியாப் பேசுவோம், இப்ப இவர் சொல்றதை முடிக்கட்டும்’ என்று மட்டும் எழுதுவேன். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் கொதிப்பு இறங்குவதற்கு இதைவிட உதவியது வேறொன்றும் இல்லை.

பேசாலைப் பக்கத்துக்காரர் ஒருவர் ஆரம்பத்தில் குழுவில் எழுதினாலே ‘கொள்ளைக்காரர்’ என்றுதான் தொடங்குவார். அவரை நீக்கச் சொல்லி எனக்குத் தனியாக நிறையப் பேர் எழுதினார்கள். நீக்கியிருக்கலாம், குழு விதிப்படி அது வசைதான். அதற்குப் பதில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: ‘அண்ணை, கடைசியா உங்களுக்கு என்ன நடந்தது?’ கருத்தைக் கேட்கவில்லை, நடந்ததைக் கேட்டேன். அவர் எழுத்தில் பதில் சொல்லவில்லை, குரல் பதிவாக அனுப்பினார். கடனுக்கு வாங்கிய வலை. சாயந்திரம் விரித்துவிட்டு வந்திருக்கிறார். இரவில் ரோலர்கள், அதாவது நம் இழுவைப் படகுகள், வந்து போயின. காலையில் போய்ப் பார்த்தால் மிதவையும் ஓரத்தில் கொஞ்சம் வலையும்தான் மிச்சம். ‘யாரிட்டப் போய்க் கேக்கிறது தம்பி? நேவியிட்டக் கேட்டால் உங்கட ஆக்கள்தானே, தமிழர்தானே எண்டு சிரிக்கிறாங்கள்.’

அந்தக் குரல் பதிவைக் கேட்ட பிறகு நம் பக்கத்தில் யாரும் உடனே மனம் மாறிவிடவில்லை. ஆனால் தங்கச்சிமடத்து விசைப்படகு டிரைவர் ஒருவர் ‘எந்த நாள் அது அண்ணே, சனிக்கிழமையா?’ என்று கேட்டார். கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. பாக் நீரிணையில் நம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று பல வருஷமாக ஏற்பாடு உண்டு. மீன்துறை டோக்கன் கொடுக்கிற அந்த மூன்று நாள்களை வடக்குக் கடற்கரையில் குழந்தைகூடச் சொல்லும், ஏனென்றால் அந்த ராத்திரிகளில் அவர்கள் வலை விரிப்பதில்லை. வாரத்தில் கிட்டத்தட்டப் பாதித் தொழில் போகிறது. இது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. எனக்கே அந்த உரையாடலில்தான் முழுசாக விளங்கியது. ‘கொள்ளைக்காரர்’ என்ற சொல்லுக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு இருந்திருந்தால் இது எப்போதும் தெரிந்திருக்காது.

நடந்ததைக் கேட்பது என்பதை இதற்குப் பிறகு ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டேன். ‘நீங்கள் ஏன் அப்படி நினைக்கிறீர்கள்’ என்று கேட்டால் அரசியல் வரும். ‘கடைசியாக என்ன நடந்தது, எங்கே, எத்தனை மணிக்கு’ என்று கேட்டால் வாழ்க்கை வரும். சம்பந்தமே இல்லாமல் ஆத்திரத்தைக் கிளப்ப வந்த ஆள் என்றால் இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. அந்த வகையில் இது ஒரு சோதனையும்கூட.

மறுபக்கத்து அறியாமையையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து நண்பர்கள் பலர் விசைப்படகில் வருகிறவர்கள் எல்லோரும் பெரும் முதலாளிகள் என்று நினைத்திருந்தார்கள். அரசியல்வாதிகளின் படகுகள் என்பது அங்கே பரவலாக உள்ள பேச்சு. முதலாளிகள் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படகில் ஏறுகிற ஐந்தாறு பேர் பங்குக்குப் போகிற கூலிக்காரர்கள். பாடு, அதாவது கிடைக்கிற மீன், சரியில்லை என்றால் டீசல் காசு கழிந்து கையில் ஒன்றும் வராது. சங்காயம் என்று ஒதுக்குகிற குஞ்சு மீனும் கழிவும் கோழித்தீவனத்துக்குப் போகும். அதில் கிடைப்பதும் படகுக் கணக்கில்தான் சேரும். பிடிபட்டால் யாழ்ப்பாணச் சிறையில் கிடப்பது இந்தக் கூலிக்காரர்கள். படகைத் திருப்பித் தராவிட்டால் கடனில் மூழ்குவது ஒரே ஒரு படகு வைத்திருக்கிற சின்ன உரிமையாளர். என் சொந்தத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார், அவர் வீட்டில் இன்றைக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை நான் குழுவில் எழுதியபோது ஒரு பருத்தித்துறைக்காரர் கேட்டார்: ‘அப்ப அவை ஏன் வருகினம்? உங்கட பக்கம் கடல் இல்லையோ?’ கிண்டல் தொனிதான். ஆனால் கிண்டலுக்குள்ளும் ஒரு நேரான கேள்வி இருந்தது, அதற்கு நேராகவே பதில் சொன்னேன். இதுவும் நான் கற்றுக்கொண்ட வழிதான். கேள்வி கேட்கிற விதத்தை விட்டுவிட்டு, கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வது. பதிலில் என் பக்கத்துக்குச் சாதகமில்லாததையும் சேர்த்தே சொன்னேன். 1950-களில் தொடங்கிய இந்தோ-நோர்வே திட்டம் தொட்டு அரசே விசைப்படகை ஊக்குவித்தது. இறாலுக்கு ஏற்றுமதி விலை கிடைத்தது. படகுகள் பெருகின. பாக் நீரிணை ஆழமில்லாத கடல், பெரும்பகுதி பதினைந்து மீட்டருக்குள் அடங்கும். நம் பக்கத்து அடித்தரையை நாமே வாரி முடித்தோம். அதே காலத்தில் அந்தப் பக்கம் போர். 1983-இலிருந்து 2009 வரை வடக்கு மீனவர்களுக்குக் கடல் பாதி நாள் பூட்டியே கிடந்தது. கடற்படைத் தடை, கடலுக்குப் போக பாஸ், இயந்திரக் குதிரைத்திறனுக்குக் கட்டுப்பாடு, இடம்பெயர்வு. ஆள் இல்லாத கடலில் மீன் இருந்தது, நம் படகுகள் அங்கே போயின. ஒரு தலைமுறை முழுக்க அதைத்தான் தொழில் என்று பழகியது. 2009-க்குப் பிறகு அவர்கள் திரும்பிக் கடலில் இறங்கியபோது அங்கே நாம் நின்றுகொண்டிருந்தோம்.

இதை நான் எழுதியதும் நம் பக்கத்திலிருந்தே ‘நீ யாருக்கு வக்காலத்து வாங்குற?’ என்று வந்தது. வரும். சொந்தப் பக்கத்தின் பலவீனத்தைச் சொல்கிறவனுக்கு எதிர்ப்பக்கத்தில் நம்பிக்கை கிடைக்கும், சொந்தப் பக்கத்தில் கொஞ்சம் குறையும். இரண்டும் சேர்ந்தேதான் வரும். அதற்கு மனசைத் தயார் செய்துகொள்ளாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இனி ஆள் மேல் வைக்கும் நம்பிக்கையும் தகவல் மேல் வைக்கும் நம்பிக்கையும். இவை இரண்டும் வெவ்வேறு. ஆளைச் சுலபமாக நம்பலாம், அவர் அனுப்புகிற படத்தை அப்படி நம்ப முடியாது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன், மார்ச் கடைசியில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கிடைத்த ஆவணங்களை வைத்துப் பிரதமர் கச்சத்தீவைப் பேசியதும் எங்கள் குழுவில் ஒரு வாரம் வெள்ளம்தான். அனுப்பியவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை. கிடைத்ததை அனுப்பினார்கள். ஆனால் வந்தவற்றில் பாதி, ஒப்பந்தத்தில் இல்லாததை இருப்பதாகச் சொன்னது.

அப்போது நான் செய்தது, ஒப்பந்தத்தில் இருப்பதைச் சுருக்கமாக ஒரே செய்தியில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி குழுவின் மேலே ‘பின்’ (pin) செய்து வைத்தது. 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் கச்சத்தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது. ஆறாவது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது. 1976-இல் இன்னொரு எல்லை ஒப்பந்தத்தோடு கைமாறிய கடிதங்கள், இந்திய மீனவர்கள் இலங்கை நீர்ப்பரப்பிலும் இலங்கை மீனவர்கள் இந்திய நீர்ப்பரப்பிலும் மீன் பிடிக்கக் கூடாது என்கின்றன. ‘மீன்பிடி உரிமை எங்களுக்கு எழுதியே கொடுத்திருக்கு’ என்று சொல்கிற ராமேஸ்வரத்துக்காரர் பொய் சொல்லவில்லை, ஆறாவது பிரிவை அப்படிப் படிக்கிறார். ‘உங்களுக்கு ஒரு உரிமையும் இல்லை’ என்கிற மன்னார்க்காரரும் பொய் சொல்லவில்லை, 1976 கடிதங்களைச் சொல்கிறார். நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் தீவைக் கொடுத்தது செல்லாது என்று 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனதும் உண்மை. மூன்றையும் ஒரே இடத்தில் வைத்ததும் சண்டை நிற்கவில்லை, ஆனால் ‘பொய்யன்’ என்ற சொல் கிட்டத்தட்ட நின்றது. அதுவரை ஒவ்வொருவர் கையிலும் ஆளுக்கு ஒரு காகிதம்தான் இருந்தது.

தவறான படம் வந்தால் பொதுவில் திருத்துவதைவிடத் தனியாகக் கேட்பதே நல்லது. ‘அண்ணே, இது எங்கிருந்து வந்துச்சு? நான் தேடிப் பார்த்தேன், வேற நாட்டுப் படம் மாதிரி இருக்கு’ என்று ஒரு வரி. பெரும்பாலானவர்கள் அவர்களே நீக்கிவிடுவார்கள். பொதுவில் சொன்னால், படம் தவறு என்று தெரிந்த பிறகும் மானத்துக்காகப் பிடிவாதம் பிடிப்பார்கள். நம் ஊரில் நாலு பேர் முன்னால் ‘நீ சொல்வது தப்பு’ என்றால் எந்தப் பெரியவர்தான் ஒத்துக்கொள்வார்? வாட்ஸ்அப்பிலும் அதே ஊர்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. இறந்த உடல், காயம் என்று வருகிற படங்களுக்கு நான் காத்திருப்பதில்லை. உடனே நீக்கிவிட்டு அப்புறம் விளக்கம் சொல்வேன்.

சாவு விழுந்த நாள்கள்தான் மிகக் கடினம். 2017 மார்ச்சில் ராமேஸ்வரம் பக்கத்து இளைஞர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார், இலங்கைக் கடற்படை தாங்கள் சுடவில்லை என்றது. 2021 ஜனவரியில் நெடுந்தீவுக்கு அருகே கடற்படைக் கலம் மோதிப் படகு மூழ்கி நான்கு பேர் இறந்தார்கள். அந்த நான்கு பேரில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த ஈழ அகதி. அந்த ஒரு விவரம் போதும், இது தமிழ்நாடு எதிர் ஈழம் என்று யாராவது எழுதும்போது எடுத்துச் சொல்ல. 2022 ஜனவரிக் கடைசியில் யாழ்ப்பாண மாவட்டத்து வடமராட்சி வத்திராயன் மீனவர்கள் இருவர் கடலில் இறந்தார்கள். இந்திய இழுவைப் படகுகள்தான் காரணம் என்று அங்குள்ள மக்கள் சாலையை மறித்துப் போராடினார்கள். 2024 ஜூனில் நம் படகுகளைப் பிடிக்கும் நடவடிக்கையில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் கடற்படைப் படகு மோதி ராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் இறந்தார்.

இப்படியான நாளில் எந்த வாதமும் நல்லெண்ணமாகத் தெரியாது. இரங்கல் செய்திக்குக் கீழே யாராவது ‘ஆனால்’ என்று ஆரம்பித்தால் அது வெட்டுக்காயத்தில் உப்பு. அதனால் எங்கள் குழுவில் ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரு சாவுக்கு இன்னொரு சாவைப் பதிலாகப் போடக் கூடாது. இங்கே இறந்தவரின் செய்திக்குக் கீழே அங்கே இறந்தவரைக் கொண்டுவந்து வைக்கிறவர், சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அன்றைக்கு ஒருநாள் பேசக் கூடாது. அந்த நாளில் குழுவையே ‘அட்மின் மட்டும்’ என்று மாற்றி வைத்ததும் உண்டு. பேச்சை அடைத்துவிட்டீர்கள் என்று திட்டினார்கள். சரி, திட்டட்டும். கதவைச் சாத்தி வைத்ததால் அடுத்த வாரம் பேசுவதற்கு ஆள் மிச்சம் இருந்தது.

நல்லெண்ணம் என்று எடுத்துக்கொள்வதற்கு எல்லை எங்கே என்பதைக் கேட்காமல் இருக்க முடியாது. என் அனுபவத்தில் கருத்தை வைத்து அதை முடிவு செய்யக் கூடாது, நடத்தையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘இந்தியப் படகுகளை எல்லாம் பிடித்துப் போடு’ என்பது எனக்குப் பிடிக்காத கருத்துதான், ஆனால் அதைச் சொல்கிறவர் வலை இழந்தவராக இருக்கலாம். ‘படகை எரி’ என்று ஆள் சேர்க்கிறவர் வேறு. கேட்ட கேள்வி ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லாமல் அடுத்த படத்தைப் போடுகிறவர் வேறு. ஒரே செய்தியைப் பல குழுக்களில் ஒட்டிவிட்டுப் பதில் வருகிறதா என்றுகூடப் பார்க்காதவர் வேறு. மீனவர் சாதியையோ மதத்தையோ இழுப்பவரிடம் எனக்குப் பொறுமை கிடையாது. நம் கரையில் அது சட்டென்று பற்றிக்கொள்ளும் பஞ்சு. அப்படிப்பட்டவர்களை நீக்கியிருக்கிறேன், நீக்கும்போது காரணத்தை ஒரு வரியில் குழுவில் சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் ‘அந்தப் பக்கத்தானுக்குச் சாதகமா நீக்கிட்டான்’ என்று கதை கட்டிவிடுவார்கள்.

இன்னொன்று. மிகச் சத்தமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடலிலிருந்து தூரத்தில் இருப்பவர்கள். சென்னையில் இருக்கிற நான், டொராண்டோவில் இருக்கிற அவர், கோவையில் இருக்கிற இன்னொருவர். நமக்கு வலையும் போகப்போவதில்லை, படகும் போகப்போவதில்லை. மண்டபத்து நாட்டுப்படகு மீனவர் ஒருவர் எனக்குத் தனியாக ஒருமுறை சொன்னார்: ‘தம்பி, நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறதுல எங்க சண்டையே காணாமப் போச்சு.’

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. விசைப்படகால் பாதிக்கப்படுவது வடக்கு மீனவர் மட்டும் கிடையாது. நம் கரையின் நாட்டுப்படகுக்காரர்களும் அதே மடியால் வலை இழக்கிறார்கள். கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்று 1983-இல் தமிழ்நாடு சட்டம் போட்டது அவர்களுக்காகத்தான். அது எந்த அளவுக்கு மதிக்கப்படுகிறது என்று அவர்களிடம் கேட்க வேண்டும். அந்தப் பக்கமும் அப்படியே. குருநகரிலும் பேசாலையிலும் உள்ளூர்க்காரர்களே சின்ன இழுவைப் படகு வைத்திருந்தார்கள். 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியை முற்றாகத் தடை செய்தபோது அவர்கள் பிழைப்பும் சேர்ந்து அடிபட்டது. அந்தத் தடைக்கு முன்கை எடுத்து மசோதா கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத் தமிழ் உறுப்பினர் சுமந்திரன். ஆக இரண்டு பக்கம் என்று நாம் நினைத்தது குறைந்தது நான்கு பக்கம். வசைக்குப் பயந்து இந்த ஆள்கள் வாய் திறக்காமலே இருந்தார்கள். பேசினால் சொந்தக்காரனே துரோகி என்பான் என்ற பயம். பேச்சு கொஞ்சம் தணிந்த பிறகுதான், அதுவும் எழுத்தில் வராமல் குரல் பதிவில், ஒவ்வொருவராக வந்தார்கள். எழுதத் தயங்குகிறவர்கள் பலர், பேசச் சொன்னால் பேசுவார்கள். அதனால் குரல் பதிவு நீளமாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்களை நான் கண்டுகொள்வதில்லை.

இப்படிப் பேசுவதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2010 ஆகஸ்டில் வடக்கு மீனவர் குழு தமிழகத்துக்கு வந்து நம் மீனவர் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து பேசியது. இழுவை மடியை ஓராண்டுக்குள் கைவிடுவதாக நம்மவர்கள் அங்கே ஒப்புக்கொண்டார்கள். மீனவர்கள் மீனவர்களோடு பேசி எட்டிய உடன்பாடு அது. பின்னால் அரசுகள் அதைத் தூக்கி நிறுத்தவில்லை, நடைமுறைக்கு வரவில்லை. 2016 நவம்பரில் டெல்லியில் இரு நாடும் கூட்டுப் பணிக்குழு அமைத்து, இழுவை மடியைச் சீக்கிரம் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அறிக்கை விட்டன. 2017-இல் ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தது. படகுக்கு 80 லட்சம், அதில் 70 சதவீதம் அரசு மானியம், மூன்று வருஷத்தில் இரண்டாயிரம் படகு என்றார்கள். அதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரு நாள் போய் மறுநாள் காலை திரும்புகிற ஆளை, வாரக்கணக்கில் ஆழ்கடலில் சூரை பிடிக்கப் போ என்றால் அது வேறு தொழில். டிரைவருக்கும் வேறு படிப்பு வேண்டும், கூலிக்காரருக்கும் வேறு உடம்பு வேண்டும். இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் எங்கள் குழுவில் இரு கரையும் ஒரே குரலில் திட்டும். அதுவும் ஒரு ஒற்றுமைதான்.

முல்லைத்தீவில் மீனவச் சங்க வேலை பார்க்கும் அக்கா ஒருவர் குழுவில் இருக்கிறார். அவர் கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இன்னும் இல்லை. ‘ஒவ்வொரு முறையும் புதுசா ஒரு ஆள் வந்து, நீங்கள் ஏன் கோவப்படுறியள் எண்டு கேக்கினம். நாங்கள் போரையும் சொல்லி, வலையையும் சொல்லி, முதல்ல இருந்து விளங்கப்படுத்த வேணும். பொறுமையா இருங்கோ எண்டு எப்பவும் எங்களுக்குத்தான் சொல்லுவியள்.’ சரியான கேள்வி. பொறுமை என்பது இழந்தவரிடம் கேட்கிற கூடுதல் வரியாக ஆகிவிடக் கூடாது. அதற்குப் பிறகு நாங்கள் செய்த மாற்றம் ஒன்றுதான். புதிதாக வருகிறவருக்கு அடிப்படையை விளக்குவது கடலை நம்பிப் பிழைக்காதவர்களின் வேலை. நான் செய்வேன், டொராண்டோக்காரர் செய்வார். புதியவர் சூடாகக் கேட்டால் அந்தச் சூட்டையும் நாங்களே வாங்கிக்கொள்வோம். அந்த அக்கா விரும்பினால் பேசலாம், விரும்பாவிட்டால் வாசிக்காமலே இருக்கலாம். பதில் சொல்லாததைக் குற்றமாக யாரும் எடுக்கக் கூடாது.

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை நம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் ஏறிக் கிடக்கும். அந்த இரண்டு மாதமும் குழு அமைதியாக இருக்கும், வடக்கிலிருந்து ‘இண்டைக்கு நல்ல பாடு’ என்று படங்கள் வரும். கடினமான பேச்சையெல்லாம் இப்போது நான் அந்த மாதங்களுக்கு ஒதுக்கி வைக்கிறேன். கைது இல்லை, வலை அறுப்பு இல்லை, யாருக்கும் அன்றைய காயம் இல்லை. இழுவை மடிக்கு நஷ்டஈடு கொடுத்துப் படகை அரசே எடுத்துக்கொள்வது, எந்த நாட்டுக் கடலில் எத்தனை நாட்டுப்படகுக்கு அனுமதி, பிடிபட்ட கூலிக்காரரையும் உரிமையாளரையும் வெவ்வேறாக நடத்துவது என்று அப்போதுதான் பேச முடிகிறது. முடிவுக்கு வருவதில்லை.

கடந்த தடைக்காலத்தில் திருப்பூர்க்காரர் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, நம் மீனவர்கள் பாட்டுக்கு நம் கடலில் பிடிக்க வேண்டியதுதானே, ஏன் எல்லை தாண்டிப் போய் மாட்டிக்கொள்கிறார்கள் என்று கேட்டார். நான் பின் செய்து வைத்திருக்கும் செய்தியைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் தங்கச்சிமடத்து டிரைவர், சனிக்கிழமையா என்று கேட்டவர், மூன்று நிமிஷக் குரல் பதிவு ஒன்று போட்டுவிட்டார். நம் பக்கம் தரையில் இப்போது இறாலே இல்லை என்றும், மடியை இழுத்தது தாங்கள்தான் என்றும், வட்டி கட்ட வேறு வழி தெரியவில்லை என்றும், பேசாலை அண்ணனின் வலைக்கு யார் பொறுப்பு என்று தனக்கும் தெரியவில்லை என்றும் சொன்னார். கீழே பேசாலைக்காரர் பதில் எழுதினார்: ‘வலைக்குப் பொறுப்பு வேணும்தான். நீர் சொன்னது சரி.’ அப்புறம் திருப்பூர்க்காரர் இறால் கிலோ என்ன விலை போகிறது என்று கேட்க, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.